காப்பி அடித்தால் தகவல் பரவத்தானே செய்கிறது?

தென்மலையிலிருந்து ஒரு தம்பி கேட்டது, 08.06.2025

"விக்கிப்பீடியா என்பது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து வைத்த இணையக் களஞ்சியம். அதிலிருந்து இன்னொருத்தர் எடுத்துப் போட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம்? நாலு பேர் கூடுதலாகப் படிக்கட்டுமே. எழுதினவர்களுக்கும் சம்பளம் கிடையாது. எடுப்பவருக்கு விளம்பரத்தில் ரெண்டு காசு வந்தால் வந்துவிட்டுப் போகிறது. அப்புறம், ஸ்பேம் (கேட்காமல் வந்து செருகும் விளம்பரம்) வேறு, காப்பி வேறு. ரெண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் திட்டுகிறீர்களே, ஏன்?"

08.06.2025, இரவு

காசைப் பற்றி எனக்கு வருத்தம் கிடையாது தம்பி, எடுத்தவர் சம்பாதிக்கட்டும். 'தகவல் பரவுகிறது' என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

செங்கோட்டையில் ஜெராக்ஸும் பிரௌசிங்கும் சேர்ந்த கடை வைத்திருக்கிறேன். கூட்டம் இல்லாத நேரத்தில் நம்ம பக்கத்து ஊர்கள், அருவிகள், அணைகள் பற்றிய பக்கங்களைக் களஞ்சியத்தில் எழுதுவேன், திருத்துவேன். பள்ளிக்கூடம் திறந்த கையோடு பிள்ளைகள் புராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்துவிடுவார்கள். தலைப்பு பெரும்பாலும் 'எங்கள் ஊர்'தான். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அப்பாவின் போனில் ஒரு பக்கத்தைக் காட்டி, இதை அப்படியே பிரிண்ட் போடுங்கள் மாமா என்றது. முதல் வரியே, செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது என்று தொடங்குகிறது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22 அன்று. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்து அ, ஆ படித்ததே தென்காசி மாவட்டத்தில்தான். களஞ்சியத்தில் அந்த வரியை மாவட்டம் பிரிந்தபோதே மாற்றிவிட்டோம். அதற்கு முன்னாலேயே யாரோ மொத்தமாக வழித்தெடுத்து ஒரு விளம்பரத் தளத்தில் போட்டுவிட்டார்கள், அது அப்படியே கிடக்கிறது, தேடினால் அதுதான் மேலே வருகிறது.

ரயிலும் இதே கதை. புனலூர் செங்கோட்டை மீட்டர் கேஜ் ஓட்டம் 2010இல் நின்றது, அகலப்பாதையாக மாறி 2018இல் திறந்தார்கள். போன சீசனில் ஒரு குடும்பம் கடைக்கு வந்து, மீட்டர் கேஜ் வண்டியில் பதிமூன்று கண் பாலத்தில் போகவேண்டும், டிக்கெட் எங்கே எடுப்பது என்று கேட்டது. ஒரு சுற்றுலாப் பக்கத்தில் படித்தார்களாம். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் எங்கள் ஆள் ஒருவர் முன்னொரு காலத்தில் எழுதிய வாக்கியங்கள், ஒரு கமா கூட மாறவில்லை. அதே பாலத்தில் இப்போது பெரிய வண்டி போகிறது, தாராளமாகப் போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆக, பரவுவது தகவல் இல்லை, ஒரு குறிப்பிட்ட தேதியில் எடுத்த அதன் நகல். மூலத்தில் ஒரு தப்பு இருந்தால் யாராவது வந்து திருத்துவார்கள், யார் எப்போது திருத்தினார் என்பதும் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும். நகலில் எழுதினவர் பெயர் இல்லை, தேதி இல்லை, மூலத்துக்கு இணைப்பு இல்லை. படிப்பவர் திரும்பிப் போக வழியே விடாமல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். என் ஆத்திரம் முழுக்க அந்த வெட்டு மேல்தான்.

ஸ்பேமையும் காப்பியையும் ஏன் சேர்க்கிறேன் என்றால், பெரும்பாலும் ரெண்டையும் செய்வது ஒரே ஆள். எங்கள் பக்கத்தை எடுத்துத் தன் தளத்தில் போடுகிறார், பிறகு எங்கள் பக்கத்துக்கே வந்து, அந்தத் தளத்தின் முகவரியை 'மேற்கோள்' என்று அடியில் செருகிவிட்டுப் போகிறார். பார்ப்பவருக்கு அது ஆதாரம் போலத் தெரியும். நாங்கள் எழுதியதற்கு நாங்கள் எழுதியதே ஆதாரம்!

09.06.2025

ஒரு விஷயத்தை நேற்றே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காப்பி எடுப்பதையே நான் குற்றம் என்கிறேன் என்று ஆகிவிடும். விக்கிப்பீடியா மாதிரித் தளங்களில் எழுதும்போதே, யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்று அனுமதி கொடுத்துத்தான் எழுதுகிறோம். 2009 வரை குனூ கட்டற்ற ஆவண உரிமம் இருந்தது, அந்த ஆண்டு கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற இன்னொரு உரிமத்துக்கு மாறினார்கள். அதில் கேட்பது ரெண்டே விஷயம். எங்கிருந்து எடுத்தது, எழுதினவர்கள் யார் என்று காட்டவேண்டும். மாற்றி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் விடவேண்டும். பக்கத்தின் அடியில் ஒரு வரியும் ஒரு இணைப்பும் போட்டால் போதும். அப்படிப் போட்டு எடுத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

தலைகீழாகப் போவதுதான் கோர்ட் வழக்காகும் விஷயம். வலைப்பதிவிலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ புத்தகத்திலிருந்தோ எடுத்துக் களஞ்சியத்தில் ஒட்டுவது. அது எழுதினவரின் உரிமை, அதைப் 'பொதுவில்' விட நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

12.06.2025

சாரல் ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கியதும் அருவிப் பக்கங்களில் போன் நம்பர்களும் விழத் தொடங்கும். ஐந்தருவி பற்றிய பத்தியின் நடுவில், வாக்கியம் முடிவதற்குள், 'குறைந்த வாடகையில் ஏசி அறை' என்று ஒரு நம்பர். நீக்கினால் ராத்திரி மறுபடியும் வரும், வேறு கணக்கிலிருந்து. இது உள்ளூர் ரகம், விவரம் தெரியாமல் செய்வது, கோபப்பட்டுப் பயனில்லை.

வெளியூர் ரகம் வேறு. சர்க்கரை வியாதியை ஒரே வாரத்தில் தீர்க்கும் லேகியம், கடன் தரும் ஆப், ரம்மி. இவர்கள் மூலிகைப் பக்கங்களாகப் பார்த்து வருவார்கள். நித்தியகல்யாணி, சிறுகுறிஞ்சான் பக்கங்களைக் கவனிப்புப் பட்டியலில் போட்டு வைத்திருக்கிறேன், அடிக்கடி ஏதாவது வந்து சேரும்.

இதற்குப் பின்னால் ஒரு வியாபாரம் இருக்கிறது. தேடுபொறி ஒரு தளத்தை மதிப்பிடும்போது, வேறு எத்தனை தளங்கள் அதைச் சுட்டுகின்றன என்பதையும் பார்க்கிறது. அதனால் 'பேக்லிங்க்' என்று எண்ணிக்கை சொல்லி விற்கிறார்கள், இத்தனை ரூபாய்க்கு இத்தனை இணைப்பு என்று. இதை முறிக்க 2005 ஜனவரியில் கூகுள் 'நோஃபாலோ' என்ற குறியைக் கொண்டுவந்தது. அந்தக் குறி போட்ட இணைப்பை மதிப்பீட்டில் சேர்க்கமாட்டோம் என்றார்கள். 2007 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா தன் வெளியிணைப்புகள் எல்லாவற்றுக்கும் அதைப் போட்டது. ஆக, அங்கே வந்து செருகுவதால் நேரடி லாபம் குறைந்துவிட்டது. அப்புறமும் ஏன் வருகிறார்கள்? ஒன்று, படிப்பவர்கள் இணைப்பை அழுத்தத்தான் செய்கிறார்கள். ரெண்டு, பணம் கொடுத்தவர் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார், குறி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மூன்றாவதுதான் தம்பியின் கேள்விக்கு நேர் பதில்: நம் பக்கத்தை வழித்தெடுக்கும் நகல் தளங்கள் இணைப்பையும் சேர்த்தே எடுக்கின்றன, குறியை விட்டுவிட்டு. இங்கே ஒரு இடத்தில் செருகினால் அங்கே பத்து இடத்தில் முளைக்கும். காப்பிக்காரர் இல்லையென்றால் ஸ்பேம்காரருக்குப் பாதி வேலை நடக்காது.

15.06.2025

புளியரை அண்ணாச்சி எழுதியிருக்கிறார்: "பூட்டிப் போடு. கணக்கு வைத்து ஆறு மாதம் ஆனவர் மட்டும் இணைப்புச் சேர்க்கலாம் என்று வை. செக்போஸ்ட் இல்லாமல் எல்லை எதற்கு?"

அண்ணாச்சி, எனக்கும் பல நாள் அந்த எண்ணம்தான். இப்போதே கொஞ்சம் பூட்டு இருக்கிறது. புதியவர் வெளி இணைப்புச் சேர்த்தால் படத்தில் உள்ள எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொல்லும். தொடர்ந்து தொல்லை கொடுக்கும் தள முகவரிகளைத் தடைப்பட்டியலில் போட்டால் அவற்றைச் சேர்த்து யாராலும் பக்கத்தைச் சேமிக்கவே முடியாது, அந்தப் பட்டியல் எல்லா மொழிக்கும் பொதுவாகவும் உண்டு. இதற்கு மேல் பூட்டுவது பற்றி யோசித்துச் சொல்கிறேன்.

எல்லை என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. ஆரியங்காவில் ஒரு நண்பர் மலையாளத்தில் இதே வேலையைப் பார்க்கிறார். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது என்றால் மலையாளம் அதற்கு முந்தைய ஆண்டே, 2002 டிசம்பரில். அவர்கள் பக்கம் பாலருவி பற்றிய கட்டுரையில் ஒரு ரிசார்ட் விளம்பரம் வந்தால் அன்றைக்கே எங்கள் பக்கமும் வரும், ஒரே நம்பர், ஒரே படம், மொழி மட்டும் மாறியிருக்கும். அவர் போன் போட்டு, 'அங்கே பாருங்கள், இப்போது உங்கள் பக்கம் ஏறுகிறான்' என்பார். பார்த்தால் சரியாக இருக்கும். எந்தக் கருவியும் அவ்வளவு சீக்கிரம் எனக்குச் சொன்னதில்லை.

22.06.2025

காப்பி என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று நாகர்கோவில் அக்கா கேட்டிருந்தார். இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சிலது பார்த்ததுமே தெரியும். பத்தியின் நடுவில் '[3]' என்று அடிக்குறிப்பு எண் நிற்கும், கீழே அடிக்குறிப்பே இருக்காது. 'மேலே உள்ள படத்தில் காண்பது போல' என்று இருக்கும், படம் இருக்காது. 'நமது நிருபரிடம் அவர் கூறியதாவது' என்று ஒரு வரி அப்படியே வந்திருக்கும். நேற்று வரை தட்டுத்தடுமாறி எழுதியவர் இன்று திடீரென்று பேராசிரியர் நடையில் எழுதியிருப்பார்.

அடுத்தது, ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது. முதல் வாக்கியத்தைத் தேடாதீர்கள், அதை மட்டும் மாற்றியிருப்பார்கள். மூன்றாவது நான்காவது பத்தியில், கொஞ்சம் வித்தியாசமான சொல் உள்ள வாக்கியமாக எடுங்கள். பொதுச் சொற்களாக இருந்தால் ஆயிரம் பக்கம் வந்து நிற்கும்.

தமிழில் இதில் ஒரு சிக்கல், ஆங்கிலத்துக்காரர்களுக்குக் கிடையாது. கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துகள். துணைக்கால் போட வேண்டிய இடத்தில் 'ர' இருக்கும், அச்சில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. 'ஔ' என்ற ஒரே எழுத்துக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக. 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு. புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும்போது இப்படி வரும், பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்ததை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றும்போதும் எழுத்து இடம் மாறி விழும். அதனால் மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் ஒன்று என்கிறது, காப்பியை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி நூற்றுக்குப் பத்துதான் ஒற்றுமை என்கிறது. கருவி சுத்தம் என்று சொன்ன பக்கங்களை நான் அதோடு விடுவதில்லை.

ஆனால் இதே பிழைகள் கைரேகையாகவும் உதவும். மூலத்தில் யாரோ ஒருவர் ஒரு ஊர்ப்பெயரில் துணைக்காலை விட்டிருப்பார், அதே கால் விட்ட பெயர் வேறு எட்டுத் தளத்தில் இருந்தால் எட்டும் எங்கிருந்து போனது என்று சந்தேகமே வேண்டாம்.

எந்தத் தேடலிலும் சிக்காதது அச்சுப் புத்தகத்திலிருந்து எடுத்து அடித்தது. அதற்கு அந்தப் புத்தகத்தைப் படித்த ஒரு ஆள் வேண்டும், வேறு வழி கிடையாது. இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இன்றைக்குக் கடையில் ஆள் நிற்கிறார்கள்.

24.06.2025

மேலே சொன்னதைப் படித்துவிட்டு ஒருவர் யோசனை சொல்கிறார்: வேண்டுமென்றே ஒரு பொய்த் தகவலைப் போட்டு வைத்தால் காப்பி எடுப்பவர் மாட்டிக்கொள்வாரே என்று.

பழைய தந்திரம்தான் அது. 1975இல் வந்த நியூ கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லிலியன் வர்ஜீனியா மவுண்ட்வீசல் என்று பிறக்கவே பிறக்காத ஒரு பெண்ணுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதி வைத்தார்கள், வேறு யாராவது அதைப் போட்டால் திருட்டு தெரிந்துவிடும் என்று. வரைபடக்காரர்கள் இல்லாத தெருவை வரைந்து வைப்பார்கள்.

விற்கிற புத்தகத்துக்கு அது அவர்கள் பாடு. நாம் செய்யவே கூடாது. அந்தப் பொய்யைக் காப்பிக்காரர் எடுக்கும் முன்னால் ஒரு பள்ளிப் பிள்ளை எடுத்துவிடும். நம்பி வந்து படிப்பவரைப் பொறி வைத்த இடத்தில் நடக்கவிட எனக்கு மனசு வராது.

06.07.2025

எழுதுகிறவர்களுக்குக் காசு கொடுத்தால் தரம் கூடும், காப்பி குறையும் என்று சிலர் தொடர்ந்து சொல்கிறார்கள். செய்து பார்த்தாகிவிட்டது. கூகுள் 'நால்' என்று ஒரு தளத்தை 2008 ஜூலையில் எல்லோருக்கும் திறந்தது. எழுதுபவர் பெயர் மேலேயே இருக்கும், விளம்பர வருமானத்தில் அவருக்குப் பங்கு உண்டு. அதில் நல்ல கட்டுரைகளும் வந்தன, ஆனால் வேறு இடத்திலிருந்து அள்ளிப் போட்டவையும், விற்பனைக்காகவே எழுதியவையும் சேர்ந்து நிறைந்தன. 2012 மே முதல் தேதியோடு மூடிவிட்டார்கள். ஒரே தலைப்பில் பத்துப் பேர் பத்துக் கட்டுரை போடலாம், ஒருவர் எழுதியதை அடுத்தவர் திருத்தவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யார் குப்பையை யார் கூட்டுவது? என் கணிப்பில் அதுதான் பெரிய காரணம், காசு ரெண்டாவது.

2011 பிப்ரவரியில் கூகுள் 'பாண்டா' என்று தேடல் முறையை மாற்றியதும் இதே நோய்க்கு மருந்தாகத்தான், மலிவாக எழுதிக் குவித்த தளங்களைக் கீழே தள்ளினார்கள். தமிழ்த் தேடலில் அந்த மருந்து எவ்வளவு வேலை செய்தது என்று கேட்டால், என் கடைக்கு வரும் பிரிண்டுகளைப் பார்த்தே சொல்லிவிடலாம், நகல்தான் இன்னும் மேலே நிற்கிறது.

காசு உள்ளே வந்தால் இன்னொரு அபாயம். 2015இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் 381 கணக்குகளை ஒன்றாகத் தடை செய்தார்கள். அந்தக் கணக்குகளை நடத்தியவர்கள், நீக்கப்பட்ட கட்டுரைகளாகப் பார்த்து, சம்பந்தப்பட்ட கடைக்காரரையும் கலைஞரையும் அணுகி, பணம் கொடுத்தால் பக்கத்தைக் கொண்டுவருகிறோம், மாதாமாதம் கொடுத்தால் பாதுகாக்கிறோம் என்று மிரட்டி வாங்கியிருக்கிறார்கள். நம் பக்கம் சின்ன லாட்ஜ்காரர்களிடம் 'உங்கள் பெயரை களஞ்சியத்தில் ஏற்றித் தருகிறேன்' என்று ஆள் சுற்றினால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அது அங்கே நிலைத்து நிற்கும் என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது.

13.07.2025

அண்ணாச்சி, பூட்டுவது பற்றி யோசித்துவிட்டேன். வேண்டாம்.

நான் மனசு மாறியதற்குக் காரணம் ஒரு பையன். குற்றாலத்தில் தங்கும் விடுதி ஒன்றில் வரவேற்பில் வேலை. போன சீசனில் அருவிப் பக்கத்தில் விடுதி நம்பரைப் போட்டது அவன்தான். நீக்கிவிட்டு, வழக்கமாகப் போடும் எச்சரிக்கைப் பட்டையைப் போடாமல், அவனுடைய பேச்சுப் பக்கத்தில் நாலு வரி எழுதினேன்: தம்பி, இது விளம்பரப் பலகை இல்லை, ஆனால் நீங்கள் தினம் அருவியைப் பார்க்கும் ஆள், எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் வருகிறது, எப்போது குளிக்கத் தடை போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது, அதை எழுதுங்கள். பதில் வரவில்லை. மழை முடிந்த சமயத்தில் பழைய குற்றாலம், சிற்றருவி, செண்பகாதேவி எல்லாவற்றுக்கும் வரிசையாகப் படம் வரத் தொடங்கியது. தானே எடுத்தது, தேதி போட்டு, கட்டற்ற உரிமத்தில். இன்றைக்கு அந்தப் பக்கங்களில் ஸ்பேம் வந்தால் எனக்கு முன்னால் அவன் நீக்குகிறான்.

ஆறு மாதப் பூட்டு போட்டிருந்தால் அவன் திரும்பி வந்திருக்கவே மாட்டான். தமிழில் எழுதவும் கூட்டிப் பெருக்கவும் இருக்கிற கைகள் கொஞ்சம். வாசலை அடைத்தால் ஸ்பேம்காரர் வேறு வழி பார்ப்பார், விவரம் தெரியாத நல்ல ஆள்தான் திரும்பிப் போவார்.

மருந்து ஸ்பேமுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அதற்குத் தடைப்பட்டியல்தான், கருணையே வேண்டாம். லேகியத்தை நம்பி ஒருத்தர் இன்சுலினை நிறுத்தினால் யார் பொறுப்பு?

27.07.2025

நகல் திரும்பி வந்து ஆதாரமாவதைப் பற்றி முதல் நாளே சொன்னேன், அதை நம்பமுடியவில்லை என்று தென்மலைத் தம்பி எழுதியிருக்கிறார்.

உலகம் அறிந்த உதாரணம் ஒன்று. தென்னமெரிக்காவில் கோவாட்டி என்று ஒரு விலங்கு. 2008இல் ஒரு அமெரிக்க மாணவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் அதற்குப் 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என்று விளையாட்டாக ஒரு வரி சேர்த்தார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்காவில் இருப்பது, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த வரி தளம் தளமாகப் போய், பத்திரிகைகளில் வந்து, ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் புத்தகம் வரை ஏறியது. பிறகு அந்தப் பத்திரிகைச் செய்தியையே களஞ்சியத்தில் ஆதாரமாகக் காட்டினார்கள். 2014இல்தான் கதை வெளியே வந்தது. அதற்குள் ஜனங்கள் உண்மையிலேயே அந்தப் பெயரால் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நம் ஊரில் நடந்தது. ஒரு அருவிக்கு ராஜா வேட்டையாடிய கதை ஒன்றை யாரோ எழுதி வைத்தார்கள், மேற்கோள் கிடையாது. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் அப்படி ஒரு கதையைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்கள். நீக்கினேன். ஆனால் அதற்குள் நகல் தளங்களுக்குப் போய், வீடியோவாகி, ஒரு நாளிதழின் இணைப்பு மலரிலும் வந்துவிட்டது. இப்போது அந்த மலரைக் காட்டி மறுபடி சேர்க்க வருகிறார்கள், அச்சில் வந்த ஆதாரம் இருக்கிறதே என்று. பேச்சுப் பக்கத்தில் நான் செய்ததெல்லாம், களஞ்சியத்தில் அந்த வரி ஏறிய தேதியையும் மலர் வெளியான தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதுதான். தேதி மட்டும் இல்லையென்றால் நான் தோற்றிருப்பேன். முதல் நாள் சொன்ன வரலாற்றுப் பக்கம் எதற்கு என்று இப்போது புரிகிறதா தம்பி?

10.08.2025

ஏஐ பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்கிறார்கள். சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் பின்னாலிருந்து.

2009, 2010 வாக்கில் கூகுள் காசு கொடுத்து ஆட்களை வைத்து, தன் மொழிபெயர்ப்புக் கருவியோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியது. எண்ணிக்கை ஏறியது. ஆனால் தமிழ் வாசகருக்குத் தேவையில்லாத தலைப்புகள், ஆங்கிலத்தை அப்படியே மடக்கிப்போட்ட வாக்கியங்கள், ஏற்றியவரைக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாதது என்று நம்மவர்கள் குறைகளைத் தொகுத்து எடுத்துச் சொன்னார்கள், விக்கிப்பீடியாக்காரர்கள் கூடும் 2010 விக்கிமேனியா மாநாடு வரை அது போனது. அந்தக் கட்டுரைகளைச் செப்பனிடுவதற்குள் நம்மவர்கள் பட்ட பாடு பெரிது.

இப்போது அதே பாடு, வேகம் மட்டும் பல மடங்கு. நிரல் எழுதுபவர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே சாட்ஜிபிடி என்ற ஏஐ கருவியின் பதில்களைத் தடை செய்தது. காரணம் சொன்னது நியாயமானது: பதில் பார்க்கச் சரி போல இருக்கிறது, தப்பாக இருப்பது அதிகம், எழுத ஒரு நிமிடம், சரிபார்க்க ஒருவர் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது.

இது காப்பியா என்றால், வாக்கியத்துக்கு வாக்கியம் காப்பி இல்லை, தேடினால் எங்கும் கிடைக்காது. எனக்குப் பட்ட வரையில் காப்பியைவிட மோசம். காப்பிக்காவது தேடினால் ஒரு மூலம் கிடைக்கும். இதில் 'திருவிதாங்கூர் ஆவணங்களின்படி' என்று இருக்கும், எந்த ஆவணம் என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. செங்கோட்டை 1956 நவம்பர் முதல் தேதிக்கு முன்னால் திருவிதாங்கூர் பக்கம் இருந்தது என்பதால் எங்கள் ஊருக்கு இந்த 'ஆவணம்' கதை நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே இப்போதெல்லாம் நான் நடையைப் பார்ப்பதில்லை, மேற்கோளைத்தான் திறந்து பார்க்கிறேன். புத்தகம் என்றால் பக்க எண் கேட்கிறேன். பக்க எண் சொன்னால் நூலகத்துக்குப் போய்ப் பார்க்கிறேன். எந்தக் கருவியில் எழுதினீர்கள் என்று யாரிடமும் கேட்பதில்லை, அது சண்டையில்தான் முடிகிறது.

17.08.2025

அச்சுப் புத்தகம் பற்றித் தனியாகச் சொல்கிறேன் என்றேன். கோவில் வாசலில் விற்கும் தல வரலாற்றுச் சிறு நூல்கள்தான் நம் பக்கம் அதிகம் அள்ளப்படுபவை. பண்பொழி, இலஞ்சி, அச்சன்கோவில், ஆரியங்காவு, எந்தக் கோவில் பக்கத்தைத் திறந்தாலும் ஏதோ ஒரு சிறு நூலின் நடை வீசும். 'பக்திப் புத்தகம், சாமி சொத்து, அதற்கென்ன உரிமை' என்று கேட்கிறார்கள்.

உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை இருக்கிறது. முன்பு 50ஆக இருந்தது, 1992இல் 60 ஆக்கினார்கள். புத்தகம் பழையதா என்பது கணக்கில்லை, எழுதியவர் எப்போது காலமானார் என்பதுதான் கணக்கு. நாட்டுடைமை ஆன நூல் என்றால் எடுக்கலாம், பாரதியார் எழுத்துகள் 1949இலேயே அப்படி ஆனவை. அப்போதும் எழுதினவர் பெயரைப் போடாமல் எடுப்பது முறை கிடையாது.

தகவலுக்கு உரிமை கிடையாது, வாக்கியத்துக்குத்தான் உரிமை. சிறு நூலைப் படியுங்கள், மூடி வையுங்கள், உங்கள் வார்த்தையில் எழுதுங்கள், அடியில் நூலின் பெயரையும் பக்கத்தையும் போடுங்கள். சொற்களை மட்டும் மாற்றி, வரிசையும் பத்தியும் அப்படியே இருந்தால் அது இன்னும் அவருடைய எழுத்துதான்.

'என் வலைப்பதிவில் நானே எழுதியதைத்தான் இங்கே போட்டேன், அதையும் நீக்கிவிட்டீர்கள்' என்று கோபப்பட்டவருக்கு: ஐயா, நீங்கள்தான் அவர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் பதிவின் அடியில் இன்ன உரிமத்தில் வெளியிடுகிறேன் என்று ஒரு வரி போடுங்கள், அல்லது அந்தப் பதிவுக்குரிய மின்னஞ்சலிலிருந்து அனுமதி அனுப்புங்கள். நீக்கியதைத் திருப்பிக் கொண்டுவர முடியும், ஒரு எழுத்து கூடப் போகாது.

31.08.2025

ரெண்டு சேதி.

புராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வரும் பிள்ளைகளின் டீச்சர் ஒருவரிடம் பேசினேன். தாளின் அடியில் 'எங்கே எடுத்தது, என்றைக்குப் பார்த்தது' என்று ஒரு கட்டம் சேர்க்கலாமே என்றேன். இந்தப் பருவத்திலிருந்தே சேர்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் அதை நிரப்புவதற்காகவாவது பக்கத்தின் மேலே என்ன தளம் என்று பார்க்கிறார்கள். ஒரு பையன் 'மாமா, இதில் தேதியே இல்லையே, வேறு பக்கம் பார்க்கவா' என்று கேட்டான். பார் என்றேன்.

மற்றது, மலையடிவாரக் கோவில் ஒன்றின் தல வரலாறு, நாங்கள் களஞ்சியத்திலிருந்து நீக்கியது. எழுதிய பெரியவர் காலமாகிச் சில வருஷம்தான் ஆகிறது. ஆரியங்காவு நண்பர் விசாரித்து, அவர் மகன் புனலூரில் இருப்பதைக் கண்டுபிடித்தார். அவரிடம் பேசியாகிவிட்டது, முழு நூலையும் கட்டற்ற உரிமத்தில் தர ஒத்துக்கொண்டார், அப்பா பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் வரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. உரிமமே அதைத்தான் கேட்கிறது என்று சொன்னதும் அவருக்குத் திருப்தி. கடிதத்தில் நூலின் பெயர், பதிப்பித்த ஆண்டு, தான் சட்டப்படி வாரிசு என்பது, உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களின் சம்மதம், எந்த உரிமம் என்பது, பிறகு திரும்பப் பெற முடியாது என்பதைத் தெரிந்தே கொடுக்கிறேன் என்பது, இவ்வளவும் இருக்கவேண்டும். அவருக்கு ஒரு அக்காள் கொல்லத்தில் இருக்கிறாராம், அவர் கையெழுத்தும் வந்ததும் நூலை ஸ்கேன் செய்ய எடுக்கிறேன். எழுத்துப் பிழை பார்க்க நேரம் இருப்பவர்கள் கடைக்கு வந்தாலும் சரி, இங்கேயே சொன்னாலும் சரி. துணைக்காலும் 'ர'வும் குழம்பும் இடங்களைக் கண்ணால்தான் பார்த்துத் திருத்தவேண்டியிருக்கும்.